எங்கே சேர்ந்திருக்கிறது என்று மட்டும் சொன்னவர்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்துபோனவரைப் பற்றி எழுதும்போது அவரைப் பெரிதாக்கிக் காட்டுவது எளிது. எழுதுகிறவர் தன்னுடைய பிழையை மறைத்துவிடுவது அதைவிட எளிது. இரண்டையும் செய்யாமல் எழுதப் பார்க்கிறேன். ஜவ்பர் நாநாவை அறிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். எங்காவது பிசகியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், திருத்திக்கொள்வேன்.

செய்தி சென்ற வெள்ளிக்கிழமை வந்தது. அதிகாலைச் சுபஹ் தொழுகை முடிந்த சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. மன்னாரைப் பிறப்பிடமாகவும் பாலாவியை வதிவிடமாகவும் கொண்ட ஜவ்பர் வபாத்தானார் என்று அறிவித்தார்கள். உம்மா தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் ஜவ்பர்கள் பலர். சீமெந்து லொறி ஓட்டும் ஜவ்பர் இருக்கிறார், உப்பளத்து ஜவ்பர் இருக்கிறார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் வாப்பாவிடம் கேட்டார்.

"எந்த ஜவ்பர் மௌத்தாகினது?"

"நண்டுக்கை ஜவ்பர். ஆஸ்பத்திரியில வேல செய்றவர். நெஞ்சு வலியாம்."

"யா அல்லாஹ், அவரா! நேத்தும் சந்தியில கண்டனே."

அந்தப் பட்டப்பெயரைக் கேட்டதும் எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. மௌத்தான அன்றும் அந்தப் பெயரா என்று நினைத்தேன். பிறகு அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. "கூப்புடுறவன் கூப்புட்டும் புள்ள. காகிதத்துல மட்டும் ஏத்தக் கூடாது. காகிதம் நம்மளவிடக் கனகாலம் இரிக்கும்."

அவருடைய வலது கையில் பெருவிரலும் சின்ன விரலும் மட்டும்தான் இருந்தன. நடுவில் மூன்று விரல்கள் இருக்க வேண்டிய இடம் மணிக்கட்டை நோக்கிப் பிளந்திருந்தது. அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் பேனையை வைத்து, எங்கள் பாடசாலையில் யாருக்கும் வராத அழகான எழுத்தில் எழுதுவார். பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு மன்னாரை விட்டு வெளியேறி வந்தவர். யுத்தம் முடிந்த பிறகு அவருடைய சகோதரர்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். அவர் போகவில்லை. கேட்டால், "என்ட ஃபைல் எல்லாம் இஞ்சதானே கிடக்கு" என்பார். எங்கள் கிளினிக்கின் பதிவறையில் எழுதுநர் வேலை பார்த்தார். அதே கிளினிக்கில் உம்மா உதவியாளர். பாடசாலை விட்டதும் உம்மாவின் வேலை முடியும்வரை நான் பதிவறையில் ஒரு கதிரையில் இருந்து வாசித்துக்கொண்டிருப்பேன். நான் அவரை அண்ணன் முறையில் 'நாநா' என்பேன்; எப்போதும் வாசித்துக்கொண்டிருந்ததால் அவர் எனக்கு வைத்த பெயர் 'அகராதி'.

தரம் ஒன்பதில் படிக்கும்போது ஒரு நாள் என்னை அழைத்து, "அகராதி, எனக்கொரு உதவி செய்யணும்" என்றார். தாய்மார் கையில் கிடைக்கும் அட்டைகளில் நோயின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். நாங்கள் டாக்டர் மிஸ் என்று அழைக்கும் பெண் மருத்துவர் சிங்களத்தில் விளக்குவார், தெரிந்த தமிழிலும் சொல்லிப் பார்ப்பார். வெளியே வந்ததும் தாய்மார் பதிவறை யன்னலில் அட்டையை நீட்டி, "நாநா, இதுல என்ன எழுதியிரிக்கி?" என்று கேட்பார்கள். பிள்ளை கையிலோ காலிலோ வித்தியாசத்தோடு பிறந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கும் குரலே வேறு. அவருக்கு டாக்டர்மாரின் சொற்கள் தெரியும். அவற்றுக்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்றார்.

அப்படித்தான் எங்கள் பட்டியல் தொடங்கியது. ஒரு பெரிய கொப்பியில் மூன்று நிரல்கள் போட்டோம். முதலாவதில் டாக்டர்மாரின் சொல். இரண்டாவதில் அதன் பொருள். மூன்றாவதில் தாயிடம் சொல்ல வேண்டியது. நான் வீட்டிலிருந்த அகராதியைப் புரட்டி, 'அங்கக் குறை' என்று பெரிய எழுத்தில் தலைப்பு எழுதிக்கொண்டு போனேன். அவர் அதை வெட்டிவிட்டார்.

"பொலிடாக்டிலி எண்டா என்ன?"

"விரல் கூடுதலா இருக்கிறது. ஆறு விரல்."

"ஆறு விரல் இரிக்கிற புள்ளைக்கு என்ன குறை? கூடவெல்லோ இரிக்கி!"

அவர் சிரித்த சத்தத்தில் டாக்டர் மிஸ் எட்டிப் பார்த்தார். அதன் பிறகு எங்களுக்கு ஒரே ஒரு விதிதான். எங்கே, எத்தனை, எப்படி. இந்த மூன்றுக்கும் மட்டுமே சொல் பதில் சொல்ல வேண்டும். சின்டாக்டிலி என்றால் சேர்ந்த விரல்கள். கருவில் எல்லோருக்கும் விரல்கள் சேர்ந்துதான் இருக்கும், பிறகு பிரியும், இந்தப் பிள்ளைக்குப் பிரியவில்லை என்று டாக்டர் மிஸ் சொன்னதை மூன்றாவது நிரலில் எழுதினோம். பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தால் 'உள்திரும்பிய பாதம்'. ஊரில் வழங்கும் சொல்லில் யாருக்கும் பழி இல்லையென்றால் அதையே வைத்துக்கொள்வோம் என்றும் முடிவுசெய்தோம். 'ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்' என்பது அப்படித்தான் பட்டியலில் இடம் பிடித்தது.

பதிவறை அலுமாரியில் யாரோ விட்டுப்போன பழைய மருத்துவப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதில் நாநாவின் கையைப் போலவே ஒரு கையின் படம் இருந்தது. கீழே இருந்த ஆங்கிலப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். சிங்கிறாலின் கொடுக்கு என்று எழுதியிருந்தார்கள். நான் புத்தகத்தை மூடப் போனேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

"ஊர்ல நண்டு. இங்கிலீஷ்காரன் சிங்கிறால் எண்டிருக்கான். கல்பிட்டிச் சந்தையில கேட்டுப் பாரு, நண்டவிட விலை கூடின சாமான்!"

"இப்ப அப்பிடி எழுதுறது இல்ல ஜவ்பர்," என்றார் டாக்டர் மிஸ். "புதுப் புத்தகத்தில பிளந்த கை எண்டுதான் இருக்கு. மிருகத்தின் பேர் எல்லாம் எடுத்தாச்சு."

எல்லாவற்றையும் எடுக்கவில்லை. கைகால்கள் மிகக் குறுகிப் பிறப்பதற்கு இன்றும் வழங்கும் கிரேக்கச் சொல்லுக்குள் கடல்நாய் இருக்கிறது. குளிர்நாட்டுக் கடலில் வாழும் விலங்கு அது என்று சொன்னேன். "நம்மட கடல்லயே இல்லாத பிராணிய எதுக்கு நம்மட புள்ளையில தொங்கவிடணும்?" என்று கேட்டு, 'குறுகிய கை' என்று எழுதினார். தன்னுடைய கைக்கு உரிய வரியை மட்டும் வெறுமையாக விட்டார். "இதுக்கு நீ ஒரு நாளைக்கு எழுது. நான் எழுதினா என்ட பக்கம் சாஞ்சு எழுதுவன்."

எனக்கு அந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த பக்கம் ஒட்டிப் பிறந்த பிள்ளைகளுக்கான பக்கம். தொராகோபேகஸ், ஒம்பலோபேகஸ், கிரேனியோபேகஸ், இஸ்கியோபேகஸ். கேட்கப் பயமாக இருக்கும் இந்தச் சொற்களின் பின்பாதி எல்லாவற்றிலும் ஒன்றுதான். பொருத்தப்பட்டது என்று பொருள். முன்பாதி உடம்பின் ஓர் இடம். மார்பு, கொப்பூழ், தலை, இடுப்பு. அவ்வளவுதான். இவை பயங்கரமான பெயர்கள் அல்ல, வெறும் விலாசங்கள் என்று கண்டுபிடித்தபோது எனக்கு உண்டான பெருமைக்கு அளவே இல்லை. அந்தப் பெருமைதான் பிறகு என்னைப் பிழை செய்ய வைத்தது.

அந்தப் பிழை ஜெசிந்தா அக்காவிடம் நடந்தது; அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது. ஆனா என்ட மாமிய நல்லவ எண்டும் எழுது," என்றார். மாமி, அதாவது அவருடைய கணவரின் தாய், நல்லவர்தான்.

அவர்கள் நுரைச்சோலைக்கு அப்பால் கடற்கரையில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் அந்தோணி கடலுக்குப் போகிறவர். ஒரு நாள் நண்பகலில், நாநா லுஹர் தொழப் போயிருந்த நேரத்தில், ஜெசிந்தா அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு யன்னலுக்கு வந்தார். கையில் ஸ்கான் எடுத்த கடிதமும் கொழும்புக்குப் போக வேண்டிய திகதி எழுதிய துண்டும் இருந்தன. டாக்டர் மிஸ் விளக்கியிருக்கிறார். ஆனால் 'ரெட்டை' என்ற சொல்லுக்குப் பிறகு அக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை.

"புள்ள, நாநா இல்லையா? இதுல என்ன கிடக்கு எண்டு சொல்லுவீங்களா?"

அவர் வரும்வரை இருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஒம்பலோபேகஸ். என்னுடைய பக்கத்திலேயே இருந்த சொல்! "ரெண்டு பிள்ளைகள் அக்கா. வயித்தில, கொப்பூழ் பக்கத்தில சேந்திருக்கினம்" என்று தெளிவாகச் சொன்னேன். அதுவரை சரி. அவருடைய முகம் வெளிறியதைப் பார்த்ததும், கேட்காமலே ஒரு வரி சேர்த்தேன். "பயப்படாதீங்க. வயித்தில சேந்திருந்தா பிரிக்கலாம்."

அவர் யன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ நல்லா இருப்பாய் புள்ள" என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நான் ஒரு டாக்டரைப் போல நடந்தேன்.

மூன்று வாரம் கழிந்தது. கிளினிக் நாளன்று ஜெசிந்தா அக்காவின் அட்டை எடுக்கப்படாமல் பெட்டியிலேயே இருந்ததை நாநா கண்டார். அவருக்கு அட்டைகள் முகங்களைப் போல. யார் வரவில்லை என்று உடனே தெரியும். கொழும்புக்கு எடுத்த தொலைபேசியில், அவர் அங்கேயும் வரவில்லை என்று தெரியவந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "பேர் எங்க சேந்திரிக்கெண்டுதான் சொல்லும் புள்ள. பிறகு நடக்கப் போறத அது சொல்லாது" என்றார். பிறகு, "சனிக்கிழம உம்மாவக் கூட்டிட்டு வா. நீ சொன்னத நீதான் திருப்பி எடுக்கணும்" என்றார்.

பாலாவிச் சந்தியில் கல்பிட்டி பஸ் ஏறினோம். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியத் தொடங்கியதும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வீட்டு முற்றத்தில் அந்தோணி அண்ணன் படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தார். மாமி எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டு, நாநா வாயைத் திறக்கும் முன்பே தொடங்கினார்.

"எல்லாம் வாய்க்கொழுப்பில வந்தது தம்பி. ரெட்டை வாழைப்பழத்த ஒருத்தருக்கும் குடுக்காமத் திண்டவ. நான் என்ட கண்ணால கண்டது."

"மாமி, அது பசியில திண்டது," என்றார் ஜெசிந்தா அக்கா. அவருடைய குரல் களைத்திருந்தது. அந்தக் கதை அந்த வீட்டில் பல தடவை ஓடியிருக்க வேண்டும்.

நாநா தன் வலது கையை மடியிலிருந்து எடுத்து முழங்காலின் மேல் வைத்தார். மாமியின் பார்வை அதில் நின்றது. கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"உங்கட உம்மா என்னத்தத் திண்டவவாம்?"

"எங்கட உம்மாவிட்ட ஊரே கேட்டது. அவ என்ன சொல்லுவா தெரியுமா? சோறும் மீனும். நீங்களும் அதத்தானே திண்டீங்க? உங்கட மகன் பத்து விரலோடதானே எஞ்சின் கழட்டுறார்?"

அந்தோணி அண்ணன் குனிந்தபடியே சிரித்துவிட்டார். மாமியும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு வாழைப்பழத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

நாநா என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். வகுப்பில் பேசுவதற்கு எழுந்து நிற்பது போலத்தான் நின்றேன்.

"அக்கா, அண்டைக்கு நான் வாசிச்சதில எங்க சேந்திருக்கு எண்டு மட்டும்தான் இருந்தது. பிரிக்கலாம் எண்டு அதில இல்ல. அது நானாச் சேத்துச் சொன்னது."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னதக் கேட்டுத்தானே மூண்டு கிழமையா நான் நித்திரை கொண்டனான்," என்றார். "அதான் கொழும்பு வேணாம் எண்டு நிண்டது. தலவில கோயில்ல அன்னம்மாளுக்கு நேத்தி வச்சாச்சு, புள்ளையளும் பிரிக்கிற மாதிரித்தான் கிடக்குது, பிறகு என்னத்துக்கு அவ்வளவு தூரம் எண்டு... அப்ப, பிரிக்க ஏலாதா?"

"தெரியா," என்றார் நாநா.

எனக்கு அந்தப் பதில் கொடுமையாகப் பட்டது. 'ஏலும்' என்று சொல்லிவிட மாட்டாரா என்று என் மனம் துடித்தது. அவர் சொல்லவில்லை.

"டாக்டர் மிஸ்ஸுக்கும் இன்னும் தெரியா. ரெண்டு புள்ளைக்கும் இருதயம் வேற வேறயா எண்டு கொழும்பு மெஷின்லதான் தெரியும். புள்ளைகள எப்பிடிப் பெறுறது எண்டும் அவங்கதான் பாக்கணும். இஞ்ச கிடந்து வலி வந்தா மூணு பேருக்கும் ஆபத்து. ஏலும் எண்டு சொல்லி உங்கள அனுப்ப நான் வரல்ல. தெரிஞ்சிக்கப் போங்க எண்டு சொல்லத்தான் வந்த. அன்னம்மாளுக்கு வச்ச நேத்தி கொழும்புக்குப் போனாலும் கூட வரும்தானே?"

முதலில் எழுந்தது மாமிதான். உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒரு பையை எடுத்து, மருமகளின் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினார். திங்கட்கிழமை அவரும் கூடப் போனார். பிள்ளைகள் பிறக்கும்வரை கொழும்பில் மருமகளைவிட்டு நகரவில்லை. நல்லவர் என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. நாநா கடலைச் சுருளை நீட்டி, "இதத் திண்டுட்டு அழு. வெறும் வயித்தில அழுதா தல சுத்தும்" என்றார்.

சத்திரசிகிச்சை செய்து எடுத்த இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இருதயம் வேறு வேறு, ஈரல் மட்டும் சேர்ந்திருக்கிறது என்ற தகவல் வந்த அன்று, நாநா பதிவறையில் இரண்டு புதிய கோப்புகளைத் திறந்தார். ரொசானி, ரொசிட்டா. இன்னும் பிரிக்கவில்லையே, ஒன்றாகத்தானே வரப் போகிறார்கள், ஒரு கோப்புப் போதாதா என்று கூட வேலை செய்த ஒருவர் கேட்டார். "ரெண்டு பேர், ரெண்டு அழுகை, ரெண்டு ஃபைல்," என்றார் நாநா. பல மாதங்கள் கழித்துக் கொழும்பில் பிள்ளைகளை வெற்றிகரமாகப் பிரித்த செய்தி வந்தபோது கிளினிக் முழுவதும் கேட்கும்படி உரத்துச் சொன்னார். "டாக்டர்மார் இப்பதான் பிரிச்சிரிக்காங்க. நாங்க காகிதத்துல எப்பவோ பிரிச்சாச்சு!"

அன்று நானும் மகிழ்ச்சியில் தலை கால் புரியாமல் இருந்தேன். "பாத்தீங்களா நாநா, நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொன்னது நடந்திட்டு. அதுக்காக நீ சொன்னது சரியாகாது." இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். மூன்றாம் நாள் வந்து கதிரையில் இருந்தபோது, நடுவில் ஒன்றும் நடக்காதது போல, "அகராதி, இந்தச் சொல்லப் பாரு" என்று கொப்பியைத் தள்ளினார்.

ஜனாஸா வீட்டுக்கு ஜெசிந்தா அக்கா மாமியோடும் பிள்ளைகளோடும் வந்திருந்தார். இருவருக்கும் இப்போது மூன்று வயது. பெண்கள் இருந்த அறையில் ஒரு பிஸ்கட்டுக்காக இருவரும் அடித்துக்கொண்டார்கள். "சேந்து கிடந்த நேரம் இவளவை இப்பிடிச் சண்டை பிடிக்கேல்ல," என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நாநாவின் மனைவிகூட அழுகைக்கு நடுவே சிரித்தார். ரொசிட்டா அறையின் ஒரு மூலைக்கும் ரொசானி மறு மூலைக்கும் ஓடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் நாநாவின் உடலைச் சந்தூக்கில் தூக்கிக்கொண்டு அடக்கத்துக்காக மையவாடிக்குப் புறப்பட்டபோது இருவரும் வாசலுக்கு ஓடிவந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

இதை நான் பதிவறையில், அவருடைய மேசையில் இருந்து எழுதுகிறேன். அவருடைய இடத்துக்குத் தற்காலிகமாக வந்திருக்கும் எழுதுநர் அனுமதி தந்தார். கொப்பியை நாநாவின் மனைவி என்னிடமே கொடுத்துவிட்டார். வெறுமையாக இருந்த வரியை இன்று நிரப்பினேன். 'பிளந்த கை. வலது. இரண்டு விரல்கள். எழுதும்.' கடைசிச் சொல் எங்கள் விதிக்குள் அடங்குமா என்று யோசித்தேன். எப்படி என்ற கேள்விக்கு அது பதில்தான். நான் அவர் பக்கம் சாய்ந்து எழுதவில்லை.

ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கொப்பி அல்ல. அதைப் பிரதி எடுத்து இந்த யன்னலிலேயே விட்டுவிடப் போகிறேன். நான் வைத்துக்கொள்வது ஜெசிந்தா அக்காவின் முற்றத்தில் அவர் சொன்ன ஒற்றைச் சொல்லை.

இன்று மூன்று மணியளவில் ஓர் இளம் தாய் பிறந்து பத்து நாளான பிள்ளையோடு யன்னலுக்கு வந்தார். அட்டையை அவராகவே நீட்டினார். வாசித்தேன். "பாதம் ரெண்டும் உள்பக்கமாத் திரும்பியிருக்கு எண்டு எழுதியிருக்கு" என்றேன். அவருடைய முகம் ஜெசிந்தா அக்காவின் முகத்தைப் போலவே வெளிறியது. "நடக்குமா?" என்று கேட்டார். நடக்கும் என்ற சொல் என் நாக்கின் நுனியில் இருந்தது. அநேகமாக உண்மையாகவும் இருக்கும்.

"எனக்குத் தெரியா," என்றேன். "வாங்க, டாக்டர் மிஸ்ஸிட்டக் கேப்பம்."

நான் எழுந்து வெளியே வந்து, அவரோடு நடந்து, அவர் உள்ளே போய்த் திரும்பி வரும்வரை வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். வெளியே வந்தபோது அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பத்து நாள் பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இப்போது நான்கு மணி. உம்மா துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு வாசலில் நிற்கிறார். "முடிஞ்சதா மகள்? லைட்ட நூக்கப் போறன்." ஓம், முடிந்தது என்கிறேன். பதிவறையின் விளக்கை அணைக்க உம்மா சுவிட்சில் கை வைக்கிறார்.